வீட்டுக்கு அலன் கீ வாங்கணும்: 30 கீ பையா, தனித்தனியா?

நல்லம்பள்ளி வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். தருமபுரி பக்கம் நல்லம்பள்ளியில இருக்கோம். வீட்டுக்காரருக்கு பெங்களூருல வேலை, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். குழாய் ஒழுகினாலும் கட்டில் ஆடினாலும் பையனோட சைக்கிள் மக்கர் பண்ணினாலும் நான்தான் பார்க்கணும். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் கை பழகிடுச்சு. தலையில ஆறு பட்டைக் குழி உள்ள போல்ட்டைத் திருப்புற இந்த அலன் கீ மட்டும்தான் பிடிபட மாட்டேங்குது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொருட்காட்சியில 30 கீ இருக்கிற பை ஒண்ணு வாங்கினேன். எல்லாம் கறுப்பு. கீ மேல நம்பர் எதுவும் கிடையாது. பை மேல ஒட்டியிருந்த அளவுச் சீட்டும் எப்பவோ கிழிஞ்சு போச்சு. எது உள்ள போகுதோ அதை வெச்சுத் திருப்புவேன்.

போன வாரம் பையன் பள்ளிக்கூடத்துல இருந்து வர்றப்ப, இறக்கத்துல பிரேக் பிடிச்சதும் சைக்கிள் ஹேண்டில்பார் அப்படியே முன்னால சாய்ஞ்சிடுச்சாம். நல்லவேளை, விழலை. ஹேண்டிலைப் பிடிச்சிருக்கிற கிளாம்புல நாலு போல்ட் இருக்கு. மூணை இறுக்கிட்டேன். நாலாவது போல்ட்டுல கீ வழுக்கி, குழி மூலையெல்லாம் மழுங்கிப் போச்சு. இப்ப அது முன்னாலயும் வரலை, பின்னாலயும் போகலை. பையனை பஸ்ல அனுப்பிக்கிட்டு இருக்கேன்.

இது போக, பிரிச்சு மாட்டுற கட்டில் ஒண்ணு கிறீச்சிடுது. சமையலறைக் குழாயோட கைப்பிடி தனியா சுத்துது. ரெண்டுக்கும் அலன் கீதான் வேணும் போல.

நல்லதா ஒரு செட் வாங்கிடலாம்னு கடையில கேட்டா எல் மாதிரி, டி மாதிரி, கத்தி மாதிரி மடக்குறது, நுனியில உருண்டை வெச்சதுன்னு வரிசையா எடுத்து வைக்கிறாங்க. இன்ச் வேணுமா மில்லிமீட்டர் வேணுமான்னு கேட்கிறாங்க. எனக்குப் பதில் தெரியலை. வீட்டுக்கு எது போதும்? அந்த மழுங்கின போல்ட்டை என்ன பண்றது?

ரவுண்டானா சைக்கிள்:

கிருஷ்ணகிரியில இருந்து எழுதறேன் அக்கா. சைக்கிளுக்கு 4, 5, 6 மி.மீ. மூணும் இருந்தா முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும். பெடலுக்கு 6 இல்லன்னா 8. டிஸ்க் பிரேக் சைக்கிளா இருந்தா அந்தத் தட்டைப் பிடிச்சிருக்கிற ஆறு திருகும் நட்சத்திரக் குழி, அதுக்கு டி25 வேணும். அதுல அலன் கீயைத் திணிச்சுப் பார்க்காதீங்க. மடக்குற டைப்பை நான் சீட்டுக்குக் கீழே பையில வெச்சிருக்கேன், வழியில அவசரத்துக்கு உதவும். வீட்டுல அதை வெச்சு வேலை செய்ய முடியாது. பிடி தடிமனா இருக்கும், குறுகலான இடத்துல நுழையாது.

பாலக்கோடு ஃபிட்டர்:

அம்மா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. அந்த போல்ட்டை மழுக்கின கீ எதுன்னு தெரியும் இல்லையா, அதை எடுத்துக்கிட்டு பக்கத்துல இருக்கிற லேத் பட்டறைக்குப் போங்க. வெர்னியர் அளவுகோல்ல அளந்து சொல்லச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை, காசு கேட்க மாட்டாங்க. பையில இருக்கிற மத்த கீயையும் கூட எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அளவு வந்ததும் சொல்றேன்.

நான் முப்பது வருஷம் ஓசூர் சிப்காட்ல மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பாலக்கோட்டுல ரயிலேறி, ராயக்கோட்டை, கெலமங்கலம் தாண்டிப் போய் வந்த காலம் அது. அலன் கீ இல்லாம ஒரு ஷிப்டு கூட ஓடினதில்லை. எங்க ஷாப்புல பாதிப் பேர் அதை ‘எல்.என். கீ’ன்னுதான் சொல்வாங்க, ஸ்டோர் சீட்டுலயும் அப்படியே எழுதுவாங்க. அது எழுத்துச் சுருக்கம் இல்லை, ஆலன்ங்கிற பேரு. அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டுங்கிற ஊர்ல வில்லியம் ஆலன்னு ஒருத்தர் 1910-ல இந்தக் குழி போல்ட்டைச் செய்யுற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுக்கு முன்னாடி சுத்துற ஷாஃப்டு மேல போல்ட் தலை வெளியே துருத்திக்கிட்டு நிக்கும். வேலை செய்யுறவங்க சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்துடும். தலையை உள்ளே புதைச்சு, திருப்புறதுக்குக் குழி வெச்சதே ஆளைக் காப்பாத்தத்தான். பெல்ட் ஓடுற இடத்துல வேலை செஞ்சவனுக்கு அதோட அருமை தெரியும்.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். அலன் கீயில பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: நுனி குழியில ஆட்டமில்லாம உட்காரணும். பளபளப்பு, பை, எத்தனை கீ, எல்லாம் அதுக்கப்புறம். 5 மி.மீ. கீன்னா எதிரெதிர் பட்டைக்கு நடுவுல 4.95-ல இருந்து 5.00 வரை இருக்கணும். போல்ட்டோட குழி 5.02-ல இருந்து 5.14 வரை இருக்கும். நடுவுல இருக்கிற இடைவெளி மயிரிழைதான். அந்த மயிரிழை பெருசாச்சுன்னா கீ சும்மா சுத்தி, பட்டையில படாம மூலையில மட்டும் குத்தும். ஆறு மூலையும் போல்ட்டைச் சீவிட்டு வந்துடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

எந்த அளவு வாங்கணும்னா, 2, 2.5, 3, 4, 5, 6, 8. இந்த ஏழு போதும். 1.5 ரொம்பப் பொடி வேலைக்கு, 10 பெரிய மெஷினுக்கு. ஒன்பது கீ செட்டா வாங்கினா அந்த ரெண்டும் சேர்ந்தே வரும், வந்தா இருக்கட்டும்.

போல்ட் அளவை வெச்சுக் கீயை முடிவு பண்ண முடியாது. நிறையப் பேர் தடுமாறுறது இங்கதான். எம்6 போல்ட்டை, அதாவது மரை 6 மி.மீ. தடிமன் உள்ளதை, எடுத்துக்குங்க. தலை உயரமா உருளை மாதிரி இருந்தா 5 மி.மீ. கீ. அதே எம்6, தலை பட்டன் மாதிரி வளைஞ்சிருந்தாலோ, மரத்துல புதையுற தட்டைத் தலையா இருந்தாலோ 4. தலையே இல்லாத கிரப் ஸ்க்ரூவா இருந்தா 3. மரை மூணுக்கும் ஒண்ணுதான், கீ மட்டும் மூணு. எம்5-க்கு இதே வரிசையில 4, 3, 2.5. எம்8-க்கு 6, 5, 4. இதை ஒரு சீட்டுல எழுதி டூல் பாக்ஸ் மூடிக்கு உள்ளே ஒட்டி வெச்சுக்குங்க.

உங்க கட்டில் அனேகமா 4. பிரிச்சு மாட்டுற மரச்சாமானுக்குப் பெரும்பாலும் அதுதான் வரும். குழாய்க் கைப்பிடியில சிவப்பு, நீலப் பொட்டு இருந்தா நகத்தால நெம்பி எடுத்துப் பாருங்க. இல்லன்னா கைப்பிடிக்குப் பின்னால சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே கிரப் ஸ்க்ரூ இருந்தா 2.5 இல்லன்னா 3. கதவுக் கைப்பிடிக்கும் ரெண்டுல ஒண்ணுதான்.

வீட்டுக்கு எல் வடிவம் போதும், நீளக் கை உள்ளதா வாங்குங்க. நீளக் கையைக் குழியில விட்டு, குட்டைக் கையை விரலால சுத்தினா வேகமா உள்ளே போகும். கடைசி இறுக்கத்துக்குத் திருப்பிப் பிடிச்சு குட்டைக் கையைக் குழியில விட்டு, நீளக் கையில அழுத்தணும். டி கைப்பிடி சுகமா இருக்கும், ஆனா அளவுக்கு மேல இறுக்கிட்டோம்னே தெரியாது. பட்டறையில தினமும் நூறு போல்ட் கழட்டுறவனுக்கு அது சரி.

கடையில வாங்கும்போது பையில ஒரு புது எம்6 உருளைத் தலை போல்ட் எடுத்துக்கிட்டுப் போங்க. 5 கீயை அதுல விட்டு ஆட்டிப் பாருங்க. அப்புறம் நுனியைப் பாருங்க: வெட்டு சதுரமா, மூலை கூரா இருக்கணும். உருண்டு போன நுனி குழியில முழு ஆழம் பிடிக்காது. கீ மேல அளவு பொறிச்சிருக்கணும், பெயிண்டுல எழுதினது ஆறு மாசத்துல அழிஞ்சிடும். குரோம் வெனடியம்னு எஃகு வகைப் பேர் எழுதியிருக்கிறதை மட்டும் நம்பி வாங்காதீங்க, எழுத்து யார் வேணும்னாலும் போடலாம். வீட்டுக்கு வந்ததும் கைப்பக்கத்துல சின்ன அரத்தால ஒரு இழு இழுத்துப் பாருங்க. நல்லா கடினப்படுத்தின கீயில அரம் வழுக்கும், லேசாத்தான் கீறும். மண்ணு மாதிரி பொடி உதிர்ந்தா அது வேலைக்கு ஆகாது.

பிராண்ட் பேர் கேட்டா, நான் வீட்டுல வெச்சிருக்கிறது தபாரியா. கம்பெனியில அன்பிராக்கோ வாங்குவாங்க. ரெண்டும் என்னைக் கைவிட்டதில்லை.

ராயக்கோட்டை தோட்டம்:

ஃபிட்டர் அண்ணன் சொன்னதுல உருண்டை நுனி பத்தி வரலை. நான் பட்ட பாட்டைச் சொல்றேன். தக்காளித் தோட்டத்துல மோட்டார் தண்டை இணைக்கிற கப்ளிங்ல கிரப் ஸ்க்ரூ கழண்டு போச்சு. நேரா கீ நுழைய இடமில்லாததால உருண்டை நுனியைச் சாய்ச்சு விட்டு, பைப் மாட்டி இறுக்கினேன். நுனி ஒடிஞ்சு குழிக்குள்ளயே மாட்டிக்கிச்சு. கப்ளிங்கைக் கழட்டி லேத்துக்குக் கொண்டு போய் எடுக்கிறதுக்குள்ள ஒரு நாள் தண்ணி பாய்ச்சல் போச்சு. வீட்டுக்கு உருண்டை நுனி வேண்டவே வேண்டாம்னு நினைக்கிறேன்.

பாலக்கோடு ஃபிட்டர்:

தம்பி, உருண்டை நுனி ஒடிஞ்சதுக்குக் காரணம் பைப். உருண்டையோட கழுத்து மெலிசா இருக்கும். சாய்ச்சு விட்டுச் சுத்தறதுக்குத்தான் அதைச் செஞ்சிருக்காங்க, ஏறக்குறைய 25 டிகிரி வரை சாயும். இறுக்கறதுக்கு இல்லை. நீளக் கையில உருண்டை, குட்டைக் கையில சாதாரண நுனின்னு வர்ற கீயா இருந்தா வாங்கலாம். உருண்டைப் பக்கத்தால ஓட்டு, சாதாப் பக்கத்தால இறுக்கு. ஆனா 3 மி.மீ.க்குக் கீழே உருண்டை எடுக்காதீங்க, அந்தக் கழுத்து எதையும் தாங்காது. எந்த அலன் கீயிலயும் பைப் மாட்டக் கூடாது. கீயோட கை நீளமே அந்த போல்ட்டுக்கு எவ்வளவு பலம் போதும்னு பார்த்து வெச்ச நீளம்தான்.

நல்லம்பள்ளி வாசகி:

ஐயா, லேத் பட்டறைக்குப் போயிட்டு வந்தேன். அந்த அண்ணன் பொறுமையா பை முழுக்க அளந்து கொடுத்தார். போல்ட்டை மழுக்கின கீ 4.76. பக்கத்துல இருந்த வேற ஒண்ணு 4.97! இன்னும் 3.96, 6.35, 3.17 எல்லாம் வந்துது. பாதிக் கீ எந்த மில்லிமீட்டர் கணக்குலயும் சேரலை. மட்டமான பொருளை என் தலையில கட்டிட்டாங்களா?

பாலக்கோடு ஃபிட்டர்:

நான் சந்தேகப்பட்டது இதுதான் அம்மா. 4.76-ங்கிறது அளவு தப்பின 5 கிடையாது, 3/16 இன்ச். நம்ம ஊர்க் கணக்குல ஒன்றரை நூல். 6.35 ரெண்டு நூல், அதாவது கால் இன்ச். 3.17 ஒரு நூல். உங்க பையில இன்ச் கீயும் மில்லிமீட்டர் கீயும் கலந்து கிடக்கு. நம்பரும் பொறிக்காம வித்ததுதான் பெரிய தப்பு.

நீங்க 4.76-ஐ ஏன் எடுத்தீங்கன்னா, அது சுலபமா உள்ளே போச்சு. 4.97 கொஞ்சம் இறுக்கமா, அழுத்தினாத்தான் போயிருக்கும். சரியான கீ உங்க கையிலயே இருந்திருக்கு! 5.02 குழியில 4.76 கீயைப் போட்டா, மூலை படுறதுக்கு முன்னாடி ஏறக்குறைய 6 டிகிரி சும்மா சுத்தும். சரியான 5 கீ ஒன்றரை டிகிரிக்குள்ள பிடிச்சிடும். இனிமே எந்தக் குழியா இருந்தாலும் பெருசுல ஆரம்பிங்க. உள்ளே போகாத கீயில இருந்து ஒவ்வொண்ணா இறங்கி வந்து, முதல்ல எது உள்ளே போகுதோ அதுதான் கீ. சின்னதுல இருந்து மேல ஏறினா, தவறான கீயும் உள்ளே போயிடும்.

இன்ச் கீயைத் தனியா ஒரு டப்பாவுல போட்டு, மேல ‘இன்ச்’னு எழுதி வெச்சிடுங்க. அமெரிக்க மெஷினுக்கும் பழைய இங்கிலாந்து மெஷினுக்கும்தான் அது வேணும். இன்னிக்கு நம்ம வீட்டுக்கு வர்ற சைக்கிள், கட்டில், குழாய் எதுக்கும் தேவைப்படாது. நாலு மில்லிமீட்டரும் 5/32 இன்ச்சும், எட்டும் 5/16-ம் ஒண்ணுக்கொண்ணு நெருக்கம், தெரியாம மாத்திப் போட்டாலும் சமாளிக்கும். ஆபத்தானது இந்த ஒன்றரை நூல்தான், 5 குழியில சுலபமா போய் ஏமாத்திடும்.

இப்ப அந்த போல்ட். குழிக்குள்ள மண்ணும் துருவும் அடைஞ்சிருக்கும், முதல்ல குண்டூசியால நல்லா கிளறி எடுங்க. கீ அடி வரைக்கும் போய் உட்காரணும். மரைப் பக்கம் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி விட்டுடுங்க. காலையில அந்த 4.97 கீயைக் குழியில வெச்சு, தலையில சின்ன சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி உட்கார வைங்க. இடது கையால கீயைக் குழிக்குள்ள அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வலது கையால திருப்புங்க. மழுங்கினது பெரும்பாலும் வாய்ப் பக்கம்தான் இருக்கும், அடியில இன்னும் மூலை இருக்கலாம்.

அதுக்கும் வழுக்கினா, பட்டறையில டி30 நட்சத்திர பிட் கேளுங்க. அதோட முனைகள் 5 குழியை விடக் கொஞ்சம் பெருசு. தட்டி இறக்கினா புதுசா பல்லு வெட்டிக்கிட்டுப் பிடிக்கும், கழண்டு வந்துடும். அந்த போல்ட்டை மறுபடி மாட்ட வேண்டாம். பழசை எடுத்துக்கிட்டுப் போய் அதே நீளத்துல புதுசு வாங்குங்க, நீளம் கூடினா உள்ளே முட்டும்.

இறுக்கும்போது ஒண்ணை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமா. கிளாம்புல எத்தனை நியூட்டன் மீட்டர்னு எழுதியிருக்கும், 5, 6-னு இருக்கலாம். 5 நியூட்டன் மீட்டர்னா, 10 செ.மீ. தள்ளிப் பிடிச்சு அஞ்சு கிலோ அரிசிப் பையைத் தூக்குற பலம். உடம்பு எடையெல்லாம் போட வேண்டாம். முடிச்சதும் முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலைக் கீழே அழுத்திப் பாருங்க, பக்கவாட்டுலயும் திருகிப் பாருங்க. அசையாம இருந்தா மட்டும் பையன் கையில கொடுங்க.

ரவுண்டானா சைக்கிள்:

ஃபிட்டர் ஐயா சொன்னதோட ஒண்ணு. ஏற்கெனவே இறுக்கின மூணு போல்ட்டையும் அந்த 4.76 வெச்சுத்தானே இறுக்கினீங்க அக்கா? அதுங்களோட குழியும் பாதி போயிருக்கும். நாலையும் மாத்திடுங்க. நாலு போல்ட் விலையைப் பார்க்காதீங்க, ஹேண்டில் விஷயம்.

நல்லம்பள்ளி வாசகி:

போல்ட் வந்துடுச்சு! குண்டூசியால குத்தினப்ப உள்ளே இருந்து கறுப்பு மண்ணு ஒரு சிட்டிகை வந்துது. 4.97 கீயைத் தட்டி வெச்சு அழுத்தித் திருப்பினேன், ‘டக்’குனு ஒரு சத்தம், கழண்டுடுச்சு. தம்பி சொன்ன மாதிரி நாலையும் மாத்திட்டேன். பழசு மூணையும் வெயில்ல பிடிச்சுப் பார்த்தேன், எல்லாத்துக்கும் மூலை சீவியிருக்கு.

நேத்து தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடையில ஏழு கீயும் தனித்தனியா வாங்கினேன். கடைக்காரர் முதல்ல செட்டைத்தான் தள்ளினார். பையில இருந்து போல்ட்டை எடுத்து ஒவ்வொரு 5-லயும் விட்டு ஆட்டிப் பார்த்ததும், அவரே உள்ளே போய் வேற டப்பா எடுத்துக்கிட்டு வந்தார். அதுல விட்டா ஆட்டமே இல்லை. கட்டில் 4-தான். குழாய் 2.5. ரெண்டும் சரியாயிடுச்சு.

பையன் இப்ப பெடலை மாத்தணும்னு நிக்கிறான். பெடல் தண்டோட உள்பக்கத்துல 6 குழி இருக்கு. வலது பக்கம் கழண்டுடுச்சு. இடது பக்கம் எவ்வளவு திருப்பினாலும் இன்னும் இறுகுற மாதிரிதான் இருக்கு. கீ புதுசு, வழுக்கலை. என்ன பண்றேன்னு தெரியலை.

பாலக்கோடு ஃபிட்டர்:

நிறுத்துங்க, இன்னும் இறுக்காதீங்க. இடது பெடலுக்கு மரை எதிர்ப் பக்கம். மிதிக்க மிதிக்கக் கழண்டு விழாம இருக்க அப்படி வெச்சிருக்காங்க. வலது இடதுன்னு யோசிச்சாக் குழம்பும், இப்படிச் செய்யுங்க: கீயோட கை மேல்நோக்கி நிக்கிற மாதிரி குழியில விட்டு, பின்சக்கரம் பக்கமாத் தள்ளுங்க. ரெண்டு பெடலும் அந்தத் திசையிலதான் கழலும். மாட்டும்போது முன்சக்கரம் பக்கமாத் தள்ளணும். புதுப் பெடலோட மரையில கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நாலு சுத்து கையாலயே ஏத்துங்க. கையால ஏறலைன்னா மரை கோணலாப் பிடிச்சிருக்கு, கழட்டிட்டு மறுபடி வைங்க.